நாக்கைக் காட்டு, வண்டியில ஏறு

வண்டியில் ஏறச் சில இடங்களில் டிக்கெட் கேட்பார்கள், சில இடங்களில் பாஸ் கேட்பார்கள், விமானமென்றால் அடையாள அட்டை கேட்பார்கள். ஏறுவதற்கு நாக்கைக் கேட்ட ஒரே வண்டி, எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே, திருவொற்றியூரிலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்கூல் ஆட்டோதான். அதை ஓட்டியவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. ராயபுரத்துக் கோயிலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியாருக்காவது நினைவிருந்தால் சரி. எங்களுக்கு அவர் நாக்கு நைனா.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கான்வென்ட் வாசலில் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். மற்ற ஆட்டோக்காரர்கள் பிள்ளைகளை மூட்டைபோல அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்துவிடுவார்கள். நைனாவின் வண்டிக்கு முன்னால் மட்டும் ஒரு வரிசை நிற்கும். அவர் காக்கிச் சட்டையின் மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, கையில் செல்போன் டார்ச்சோடு, ஹார்பரில் கன்டெய்னரைத் திறந்து பார்க்கும் கஸ்டம்ஸ் அதிகாரியைப் போல நிற்பார். முகம் மட்டும் துக்க வீட்டிலிருந்து நேராக வண்டிக்கு வந்தவர் முகம். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் பிள்ளைகள் சட்டத்தை மதிக்காது என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம்.

"ஆ காட்டு."

பிள்ளை வாயைத் திறக்கும். டார்ச் வெளிச்சம் உள்ளே போகும். தீர்ப்பு உடனே வரும். நாக்கு தன் சொந்த நிறத்தில் இருந்தால் நல்ல இடம், அதாவது காற்று வரும் ஓரம். சிவப்பு என்றால் நடுவில். ஆரஞ்சு என்றால் இரண்டு சுத்த நாக்குகளுக்கு இடையில், இரு கைகளையும் முன்கம்பியில் வைத்துக்கொண்டு. நீலம் என்றால் முதலில் வாட்டர் பாட்டிலைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நீலம் போகும்வரை வண்டி கிளம்பாது. பின்னால் நிற்கும் கார்க்காரர் கத்துவார். நைனா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

ஏன் இந்தப் பிரிவினை என்று யாராவது கேட்டால் போதும், அவருடைய சித்தாந்தம் வெளியே வரும். "ஆரஞ்சு துன்னா கடிக்கும். பச்ச துன்னா கத்தும். நீலம் துன்னுச்சின்னு வெய்யி, அது இன்னா பண்ணும்னு அதுக்கே தெரியாது."

இதில் பெரிய வேடிக்கை, அந்த ஆரஞ்சும் பச்சையும் நீலமும் எங்கே விற்றது என்பதுதான். பள்ளி வாசலில், நைனாவின் ஆட்டோவுக்கு நேர் எதிரில், ஒரு தள்ளுவண்டி. குச்சி ஐஸ், ஜவ்வு மிட்டாய், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், பாக்கெட்டில் அடைத்த கலர் தண்ணீர். அதை விற்றவள் ஸ்டெல்லா. ஸ்டெல்லா, நைனாவின் பெண்டாட்டி.

ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் இரண்டு பேரும் பள்ளி வாசலுக்கு வந்ததும் முன்பின் தெரியாதவர்களாகிவிடுவார்கள். அவள் பிள்ளைகளின் நாக்குக்குக் கலர் ஏற்றுவாள், அவர் அதைப் பிடித்துத் தண்டிப்பார். வண்டியை விட்டுவிடு என்று ஆரம்பத்தில் அவர் சொன்னாராம். விட்டுவிடுகிறேன், வீட்டு வாடகையை இனி நீயே பார்த்துக்கொள் என்று அவள் சொன்னாளாம். அதோடு பேச்சு நின்றது. அவளை ஒன்றும் செய்ய முடியாததால் நைனா அவளுடைய வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டார்.

நான் அப்போது கல்லூரியில் உணவு அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் தங்கல். அக்கா மகள் மித்ரா இரண்டாம் வகுப்பு. நைனாவின் வண்டியில் போகிற பிள்ளை. நாக்கு பெரும்பாலும் ஆரஞ்சு.

நைனாவைக் கிறுக்கு என்று சிரிக்கிற முன்னால், அவர் எந்த ரோட்டில் வண்டி ஓட்டினார் என்பதைச் சொல்ல வேண்டும். ஹை ரோட்டில் நெரிசல் என்பதால் கடலோரமாகப் போகும் எக்ஸ்பிரஸ் ரோட்டைத்தான் பிடிப்பார். துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நிற்கும் ட்ரெய்லர் லாரிகள் அங்கே ஒன்றன் பின் ஒன்றாக, ஊர்ந்தும் நின்றும் ஒரு நீளச் சுவர்போல இருக்கும். எதிரே வருவதும் அப்படியே ஒரு சுவர். நடுவில் இந்த ஆட்டோ. அதற்குள் சட்டம் அனுமதிக்காத எண்ணிக்கையில் பிள்ளைகள். டயர் ஒவ்வொன்றும் மித்ராவின் உயரம். அந்த வண்டிக்குள் ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்து, கடிபட்டது துள்ளி வெளியே விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் சிரிப்பு வராது.

அப்படி ஒன்று கிட்டத்தட்ட நடந்தும் இருந்தது. நடத்தியவன் நைனாவின் சொந்த மகன் ஜோயல்.

ஜோயலைப் பற்றிச் சொல்லாமல் நைனாவைப் பற்றிச் சொல்ல முடியாது. மித்ராவின் வகுப்புதான். ஒல்லிப் பையன், பெரிய கண்கள், இரண்டு முழங்காலிலும் எப்போதும் ஒரு புதுக்காயம். அவனால் உட்கார முடியாது. வேண்டுமென்றே உட்காராமல் இருப்பதல்ல, முடியாது. வகுப்பில் பெஞ்சுமேல் நிற்பான், ஜன்னலில் ஏறுவான், டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் காரிடாரின் அந்தக் கோடிக்குப் போய்விட்டு வந்துவிடுவான். யு.கே.ஜி. படித்தபோது ஒரு சாயங்காலம், அம்மாவின் வண்டியில் ஆரஞ்சு ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு ஆட்டோவில் ஏறியவன், ஓடுகிற வண்டியிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிப் பக்கத்தில் சுழன்ற ட்ரெய்லர் டயரைத் தொடப் பார்த்தான். நைனா பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி சாக்கடை ஓரம் போய் நின்றது. பையனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டபோது அவர் கண்ணுக்குத் தெரிந்தது அவனுடைய திறந்த வாய். அதற்குள் ஆரஞ்சு நாக்கு.

அன்றைக்கு நாக்குச் சட்டம் பிறந்தது. அதற்குப் பிறகு ஜோயலின் வாயில் கலர் என்று ஒன்று போனதில்லை. கேசரி கிடையாது, ஜிலேபி கிடையாது, சளி மருந்துகூட நிறமில்லாததைத்தான் கேட்டு வாங்குவார். கிறிஸ்துமஸ் கேக்கில் மேலிருந்த ரோஜாப்பூவை வழித்து எறிந்துவிட்டு அடியில் இருந்ததைக் கொடுப்பார். ஜோயல் வண்டியில் முன்சீட்டில், அப்பா பக்கத்தில், அவருடைய துண்டால் இடுப்போடு கம்பியில் கட்டப்பட்டுப் பயணம் செய்வான்.

அந்த வண்டியிலேயே சுத்தமான நாக்கு அவனுடையதுதான். அந்த வண்டியிலேயே அடங்காத பிள்ளையும் அவன்தான். இது ஏறுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும், தெருவில் எல்லோருக்கும் தெரியும். நைனாவிடம் மட்டும் யாரும் சொன்னதில்லை.

பள்ளியில் அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே நைனாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். முழுப்பரீட்சைக்குள் பையன் பெஞ்சில் உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடலாம். வேறு எந்த நல்ல பள்ளியிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள் என்பது நைனாவுக்குத் தெரியும். கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்திருந்தார்.

பிள்ளைகள் சும்மா இருக்குமா. நாக்குச் சட்டத்துக்கு எதிராக ஒரு தலைமறைவு இயக்கமே நடந்தது. கழுத்தில் கட்டிய யூனிஃபார்ம் டையால் நாக்கைத் துடைப்பது பழைய முறை. டையில் கறை தெரிந்து மாட்டிக்கொள்வார்கள். சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்கப் பார்த்த ஒரு பெண்ணுக்கு நாக்கு இளஞ்சிவப்புப் பெயின்ட் அடித்த சுவர் மாதிரி ஆயிற்று. நைனா அவளை வெகுநேரம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னா கலரு இது, நா பாத்ததேயில்லியே" என்று கவலையோடு முன்சீட்டில் ஜோயலின் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

ஆனால் சட்டத்துக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. ஒருநாள் மித்ரா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையை நன்றாகப் பல் பதியக் கடித்து வைத்தாள். அக்கா அவளை நிற்க வைத்து ஏன் கடித்தாய் என்று கேட்டாள். மித்ரா கொஞ்சம்கூட அசரவில்லை.

"நான் இன்னிக்கு ஆரஞ்சும்மா. ஆரஞ்சு கடிக்கும்ல."

எனக்கு அப்போதே பொறி தட்டியது. நைனா சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆரஞ்சு தின்றவன் கடிக்கலாம், பச்சை தின்றவன் கத்தலாம், நீலம் தின்றவன் எதையும் செய்யலாம். நைனா தண்டனை என்று நினைத்து ஏற்படுத்தியதைப் பிள்ளைகள் லைசென்ஸாக எடுத்துக்கொண்டன. அமைதியான ஒரு சின்னப்பெண், யாரையோ திட்ட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதற்காக ஸ்டெல்லாவிடம் பச்சை ஐஸ் வாங்கியதை நானே பார்த்தேன்.

நான் ஓடிப்போய் இதை நைனாவிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "பாத்தியா, கலரு மூளைக்கு எப்டி ஏறுது" என்றார்.

நான் உணவு படிக்கிறேன் என்று தெரிந்ததும் நைனா என்னைப் பிடித்துக்கொண்டார். தினம் காலையில் மித்ராவை ஏற்றிக்கொள்ள வரும்போது சட்டைப்பையிலிருந்து மிட்டாய்க் காகிதங்களை எடுத்து நீட்டுவார். வாசலில் பொறுக்கியவை, நாக்குச் சோதனையில் பறிமுதல் செய்தவை. பொடி எழுத்தில் இருக்கும் எண்களை நான் படிக்க வேண்டும். 102, 110, 122, 133.

"இன்னாமா இது, பஸ்ஸு நம்பரா?"

கலருக்கான எண்கள் என்று சொன்னேன். 102 மஞ்சள், 110 ஆரஞ்சு, 122 சிவப்பு, 133 நீலம். மறுநாளிலிருந்து அவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். "ஏய் நூத்திப்பத்து, கைய உள்ள வெய்யி. நூத்தி முப்பத்திமூணு, ஒயுங்கா குந்து." தெருவில் கேட்டவர்கள் அவர் போலீஸில் சேர்ந்துவிட்டாரோ என்று நினைத்தார்கள்.

எனக்கு உற்சாகம். கிடைத்ததையெல்லாம் படித்தேன். நூலகத்தில் உட்கார்ந்தேன், பேராசிரியர்களை நச்சரித்தேன். கடைசியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தது. சில கலர்கள், சில பிள்ளைகளுக்கு, கொஞ்சம் பரபரப்பைக் கூட்டலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்ல. சர்க்கரை தின்றால் பிள்ளைகள் ஆடும் என்பதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. ஆடும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும்.

இதை அவரிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தையைத்தான் பிடித்தார்.

"சில பிள்ளைங்கன்னா யாரு யாரு? பேரு போட்டுக்குதா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க நைனா."

"அப்பால எப்டி சொல்ற, எம் புள்ள அதுல இல்லன்னு?"

இல்லை என்று நான் சொல்லவேயில்லை. ஆமென்றும் சொல்லவில்லை. அறிவியலுக்கு வசதியாக இருக்கும் அந்த இடைவெளியில் நைனா ஒரு வீடே கட்டிக் குடியேறிவிட்டார்.

எங்கள் பக்கத்துக் காற்றைப் பற்றியும் அவரிடம் ஒருமுறை கேட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் மணலி ஆலைப் பக்கக் காற்றில் ஒருநாள் அழுகிய முட்டை வாசனை, ஒருநாள் அமோனியா, எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து அடித்தால் வெளுத்துப் போட்ட துணியில் சாம்பல். இதுவும் பிள்ளைகள் உடம்புக்குள்தானே போகிறது நைனா என்றேன். அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கிகளைப் பார்த்தார். சோர்ந்துபோன முகத்தோடு சொன்னார்: "அதுக்கு நா எங்க போயி டார்ச் அடிக்கிறது?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சர்க்கரை இல்லாத மிட்டாய் வந்தது.

தடையை மட்டும் வைத்தால் போதாது, நல்ல நாக்குக்குப் பரிசும் வேண்டும் என்று நைனாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் பாரிமுனைப் பக்கம் போய் வெளிநாட்டு மிட்டாய் ஒரு பெரிய டப்பா வாங்கி வந்தார். கலர் இல்லை, சர்க்கரை இல்லை, கண்ணாடிபோல வெள்ளை. இனிப்பு மட்டும் உண்டு. டப்பாவை என்னிடம் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்புப் பொருள் அது, அதிகமானால் வயிற்றைக் கலக்கும், ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று தெளிவாகச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அன்று சாயங்காலம் நாக்கு வரிசையில் ஒரு பிள்ளைகூட ஆரஞ்சு இல்லை. எல்லாமே சுத்தம். பரிசு உண்டு என்ற சேதி பரவி யாரும் ஸ்டெல்லாவின் வண்டிப் பக்கமே போகவில்லை. நைனா அப்படி ஒரு வெற்றியை வாழ்நாளில் பார்த்ததில்லை. மனம் நெகிழ்ந்துவிட்டது. கை நிறைய அள்ளி அள்ளிக் கொடுத்தார்.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் அன்றைக்கென்று ட்ரெய்லர்கள் அசையவில்லை. முன்னால் ஏதோ வண்டி அச்சு முறிந்து நின்றுவிட்டது. ஆட்டோவுக்குள் முதலில் ஒரு பெரிய அமைதி. நைனா கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப்போனாராம். இத்தனை பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை, எல்லோரும் கைகட்டி, கண்ணை மூடி, பிரார்த்தனை செய்வதுபோல. அப்புறம் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் மெதுவாக, "நைனா, வயிறு ஒரு மாதிரி கீது" என்றது. அடுத்து இன்னொரு குரல். அடுத்து எல்லாக் குரலும்.

அதன் பிறகு நடந்ததை நாகரிகமாகச் சொல்வதென்றால், கடலோரத்துக் கருங்கல் சுவருக்குப் பின்னால், லாரி டிரைவர்கள் தங்களுடைய தண்ணீர்க் கேன்களைக் கொடுத்து உதவ, ஒரு மனிதர் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு ஓடியதும் வந்ததுமாக இருந்தார். மித்ரா வீட்டுக்கு வந்தபோது வேறு யாருடைய சட்டையையோ போட்டிருந்தாள். "ஆரஞ்சே தேவலம்மா" என்றாள்.

பெற்றோர்கள் நைனாவின் வாசலில் திரண்டார்கள். அவர் எல்லா வசவையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல் மட்டும் கேட்டது. "என் ஐஸ துன்னுட்டு எந்தப் புள்ளயாவது ரோட்டுல குந்திச்சா? கேளுங்க அந்த ஆள."

சிரித்துக்கொண்டேதான் நாங்கள் கலைந்தோம். ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. முழுப்பரீட்சை நெருங்கியது. நைனா வீட்டில் பேச்சு மாறியிருந்தது. வெளியில் கேட்டது அரைகுறையாகத்தான். மாசமாக இருந்தபோது ஸ்டெல்லா தினம் ரோஸ் மில்க் குடித்தாள், அதுதான் பையனுக்குள் இறங்கிவிட்டது என்று நைனா சொல்ல ஆரம்பித்திருந்தார். முதலில் ஐஸ், இப்போது ரோஸ் மில்க். எப்படிப் போனாலும் குற்றவாளி ஒருத்திதான். அதன்பிறகு ஸ்டெல்லா வண்டியில் வியாபாரம் செய்யும்போது பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. காசை வாங்குவாள், ஐஸைக் கொடுப்பாள்.

பரீட்சைக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம், மித்ராவைக் கூட்டிக்கொண்டு வர நான் பள்ளிக்குப் போயிருந்தேன். நைனா உள்ளேயிருந்து வந்தார். ஜோயல் அவர் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தான். மாதிரிப் பரீட்சையில் கேள்வித்தாளை ராக்கெட் செய்து பறக்கவிட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் உச்சிவரை ஏறிவிட்டானாம். பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

நைனா நேராக ஆட்டோவுக்குப் போகவில்லை. சாலையைக் கடந்து ஸ்டெல்லாவின் வண்டி முன் போய் நின்றார். பள்ளி வாசலில் அவர்கள் பேசி யாரும் பார்த்ததில்லை. வாங்க வந்த பிள்ளைகள் விலகி நின்றன.

"போதுமா மே? தொரத்திட்டாங்க. சந்தோசமா கீதா உனுக்கு?"

ஸ்டெல்லா ஐஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கையைவிட்டு ஒரு ஆரஞ்சு ஐஸை எடுத்தாள். "டேய் ஜோயலு, இங்க வா" என்றாள்.

நைனா கையை நீட்டித் தடுத்தார். "வாணாம். சொல்லிட்டேன்."

"தள்ளுயா. எத்தினி வருசமா என்னிய ஊரே பாக்குற மாதிரி பண்ணிக்கினு கீற. இன்னிக்கி நீயும் பாரு."

ஜோயல் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஐஸை வாங்கிக்கொண்டான். வண்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையின் மேல் உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்று சாதாரணமாக எழுதிவிட்டேன். கட்டிப்போடாமல் அந்தப் பையன் உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஐஸை முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு சொட்டாக, அது என்ன என்று ஆராய்வதைப்போலச் சப்பினான். அவன் கால் ஆடவில்லை. தோள் ஆடவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகள், நான், பக்கத்தில் பழம் விற்கிறவர், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். நைனா வெடிக்கப்போகும் சிலிண்டரைப் பார்ப்பவர் போல நின்றார். வெடிக்கவில்லை. சாலையில் பஸ்கள் போயின, வந்தன. பையன் ஐஸ் தின்றான்.

தின்று முடித்தான். குச்சியைத் தூக்கி எறிந்தான். எழுந்து ஓடிப்போய்ப் பள்ளி கேட்டின் மேல் ஏறினான். எப்போதும் போல. அதைவிட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

ஸ்டெல்லாவின் கண்ணில் நீர் கட்டியிருந்தது. குரல் மட்டும் கெட்டியாக இருந்தது. "பாத்துக்கினியா? துன்னாலும் அதான், துன்னாங்காட்டியும் அதான். என் ஐஸு எம் புள்ளய ஒண்ணும் பண்ணல."

நைனா கேட்டின் உச்சியில் நின்ற மகனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கத்தவில்லை. பக்கத்தில் நின்றதால்தான் எனக்குக் கேட்டது.

"தெரியும்மே. எனுக்கு எப்பவோ தெரியும். கலருன்னா நிறுத்திடலாம்னு கெடந்தேன். கலரு இல்லன்னா, இன்னாத்த நிறுத்துறது? நீயே சொல்லு."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போய், கேட்டிலிருந்து பையனை இறக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

ஆட்டோவுக்கு முன்னால் பிள்ளைகள் வழக்கம்போல வரிசையில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றன. நைனா யாரையும் பார்க்கவில்லை. டார்ச்சை எடுக்கவில்லை. "ஏறுங்க" என்றார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நாக்கை நீட்டியபடி நின்றுவிட்டு, பயந்துபோய் ஏறிக்கொண்டன. அன்று வண்டியில் ஆரஞ்சு, பச்சை, நீலம் எல்லாம் கலந்து உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கடிக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஜோயலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். படித்த பெண் கூட இருந்தால் நல்லது என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார். பையன் பிறவியிலேயே அப்படி, கவனம் நிற்காது, உடம்பு அடங்காது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது என்றார். ஐஸால் வந்ததல்ல, அம்மா குடித்த எதனாலும் வந்ததல்ல என்றார். இதைக் கேட்டதும் ஸ்டெல்லா திரும்பி நைனாவைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நைனாதான் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கலரைக் கொடுக்காமல் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதனால் இது போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். எத்தனை நாளில் சரியாகும் என்று நைனா கேட்டதற்கு, அடுத்த மாதம் வரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்த நோயின் பெயரை என்னிடம் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். அவர் வாயில் அது நுழையவில்லை.

"இத்தினூண்டு பையனுக்கு இம்மாம் நீளப் பேரு" என்றார்.

டி.சி. வந்துவிட்டது. அதில் மாற்றமில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை என்று ஒரு பள்ளி விடாமல் ஏறி இறங்கினார்கள். கடைசியில் மாத்தூரில் ஒரு சின்னப் பள்ளி, இப்படிப்பட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிற பள்ளி, இடம் கொடுத்தது. ஒரே நேரத்தில் மாத்தூருக்கும் தண்டையார்பேட்டைக்கும் வண்டி ஓட்ட முடியாது. நைனா எங்கள் பிள்ளைகளையெல்லாம் விட்டுவிட்டார். வீடு வீடாக வந்து சொன்னார். பெற்றோர்களில் சிலர் நிம்மதியடைந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மித்ரா இப்போது வேனில் போகிறாள். அந்த வேன் டிரைவருக்கு அவள் பெயர் தெரியாது. அவள் ஏறினாளா இல்லையா என்பதையே சில நாள் அவர் கவனிப்பதில்லை.

ஸ்டெல்லா அதே கான்வென்ட் வாசலில்தான் வியாபாரம் செய்கிறாள். காலையில் ஐஸ் பெட்டியை வண்டிமேல் தூக்கி வைப்பது இப்போது நைனாவின் வேலை. வைத்துவிட்டு, மகனை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

எனக்கு மாதவரத்தில் ஒரு மசாலா கம்பெனியில் வேலை. ஸ்கூட்டரில் போவேன். போன வாரம் ஒரு காலை, மணலி தாண்டி, எனக்கு முன்னால் அந்த ஆட்டோ. பின்சீட் காலி. முன்னால் அவரும் ஜோயலும். பையன் எழுந்து எழுந்து நிற்கிறான். அவன் எழும்போதெல்லாம் நைனா வண்டியை அடியோடு மெதுவாக்கி, ஒரு கையால் அவனை உட்கார வைத்து, ஏதோ சொல்லிவிட்டு, மறுபடி கிளம்புகிறார். கொஞ்ச தூரம் போவதற்குள் அவன் மறுபடி எழுகிறான். நடந்து போகிறவர் முந்திவிடலாம். பின்னால் டேங்கர், டிப்பர், கம்பெனி பஸ் எல்லாம் தேங்கி நின்று ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தன. டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி அவருடைய பிறப்பையே விசாரித்தார்கள். அவர் காதில் எதுவும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

எனக்கும் நேரமாகிவிட்டது. வலப்பக்கம் ஸ்கூட்டர் புகும் அளவுக்கு இடமும் இருந்தது. நான் புகவில்லை. ரோட்டின் நடுவுக்கு வந்து, பின்னால் முட்டிக்கொண்டு வந்த டிப்பரைக் கைகாட்டி அடக்கிவிட்டு, மாத்தூர் திருப்பம் வரைக்கும் அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே மெதுவாகப் போனேன்.